கடலடிக் காடும் கரைமீனும்

நிலத்திற்கு நேர்ந்த கேட்டை அறிவதற்குக் கண் ஒன்றே போதும். காடு அழிந்தால் வெறுவெளி தோன்றும். ஏரி வற்றினால் சேறு வெடித்துக் கிடக்கும். பயிர் கருகினால் பசுமை நீங்கி வெண்மை படரும். கடலோ அத்தகையதன்று. நேற்று இருந்தவாறே இன்றும் அது நீலமாய் விரிந்து கிடக்கின்றது. அதனடியில் ஒரு காடு இருந்து மறைந்துபோயினும், கரையில் நின்று நோக்குவார்க்கு அலையின் நிறமும் ஓசையும் மாறுவதில்லை. ஆதலின் கடல் இழந்ததை நாம் கண்ணால் அறிவதில்லை. வலையின் எடை குறைந்தபோதே அறிகின்றோம். அறிந்தபின்னும், குறைவிற்குக் காரணம் யாது என்பதில் வலைஞர் ஒன்று கூறுவர், வணிகர் ஒன்று கூறுவர், அரசினர் பிறிதொன்று கூறுவர். இவற்றுள் எது உண்மையென்று துணிதற்குக் கடலடியை நேரிற் கண்டு, அளந்து, பல்லாண்டு காத்திருந்து ஒப்பிட்டு நோக்கும் ஆராய்ச்சி வேண்டும். அத்தகைய ஆராய்ச்சியொன்றின் வரலாற்றையும் முடிபுகளையும் இக்கட்டுரையில் விளக்கப் புகுந்தோம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு மீனாராய்ச்சியில் என்ன உரிமையுளது எனச் சிலர் வினவுதல் கூடும். உரிமை உண்டு என்பதே எம் விடை. நம் இலக்கண நூலார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றனர். அந்நிலத்தே தோன்றி வாழும் விலங்கு, புள், மரம், பூ, உணவு முதலியவற்றைக் கருப்பொருள் என்றனர். ஒரு நிலத்தில் வாழ்வன தனித்தனியே உதிர்ந்து கிடப்பனவல்ல, இடத்தோடும் காலத்தோடும் ஒன்றோடொன்றும் பிணைந்த ஒரு தொகுதி என்னும் எண்ணம் இப்பாகுபாட்டின் அடியிற் கிடக்கின்றது. இக்காலத்து அறிஞர் சூழலியல் என வழங்கும் கலை இவ்வெண்ணத்தையே அளவைகளாலும் சோதனைகளாலும் வளர்த்துச் செல்கின்றது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. முதற்பொருளுக்கு ஏற்பக் கருப்பொருள் அமையும் என்பது நாம் எளிதில் உணர்வது. கருப்பொருளில் ஒன்றை நீக்கினால் நிலத்தின் முகமே மாறிவிடும் என்பது எளிதில் உணரப்படுவதன்று. மீனை எடுத்துவிட்டால் மீன் மட்டுமே குறையும் என்று நாம் எண்ணுகின்றோம். மீன் குறைந்தால் கடலடித் தரையே காடாயிருந்த நிலை மாறிப் பாழாகும் என்பதை நியூஸிலாந்து நாட்டின் ஒரு சிறு கடற்பகுதி மெய்ப்பித்துக் காட்டியது.

அவ்விடம் அந்நாட்டு வடதீவில், ஆக்லண்டு நகருக்கு வடக்கே, ஹவுராக்கி வளைகுடாவின் வாயிலையடுத்து உள்ளது. லீ என்பது அங்குள்ள சிற்றூரின் பெயர். கரைக்கு எதிரே கோட் தீவு என்னும் ஒரு சிறு தீவு கிடக்கின்றது. 1962-ஆம் ஆண்டில் ஆக்லண்டுப் பல்கலைக்கழகத்தார் அக்கரையில் ஒரு கடலாராய்ச்சி நிலையத்தை அமைத்தனர். அதன் முதல் இயக்குநராக 1964-இல் வந்து சேர்ந்தவர் பில் பாலன்டைன் என்னும் அறிஞர்.

பாலன்டைன் 1937-இல் இங்கிலாந்திற் பிறந்தவர். பாறைக் கரைகளில் ஒட்டி வாழும் லிம்பெட் என்னும் கூம்புவடிவச் சிற்றுயிர்களை ஆராய்ந்து புகழ் பெற்றவர். அலை வன்மையாக மோதும் பாறையில் வாழ்வன வேறு, அலை அடங்கிய ஒதுக்குப் பாறையில் வாழ்வன வேறு. ஆதலின் ஒரு கரையில் எவ்வெவ்வுயிர் எவ்வளவு உளது என்று கணக்கிட்டால், அங்கு அலையின் வன்மை எத்துணை என்பதைக் கருவியின்றியே மதிப்பிடலாம். இம்முறையில் அமைந்த அளவுகோல் ஒன்றை அவர் 1961-இல் வெளியிட்டார். கருப்பொருளைக் கொண்டு முதற்பொருளை அளக்கும் முறை என இதனை நாம் கூறலாம். உயிரையும் இடத்தையும் பிரித்து நோக்காத இப்பழக்கமே பின்னர் அவர் செய்த பெருந்தொண்டிற்கு வித்தாயிற்று.

நிற்க. கரையோரத்தில் ஆராய்ச்சி செய்வார்க்கு ஓர் இடர் உண்டு. இன்று ஒரு பாறையில் உள்ள உயிர்களை எண்ணிக் குறித்துவைத்து, அடுத்த திங்கள் மீண்டும் வந்து நோக்குங்கால், அவற்றைப் பிறர் உணவிற்காகப் பறித்துச் சென்றிருப்பின், இயற்கையால் நேர்ந்த மாறுதல் எது, மனிதர் கையால் நேர்ந்தது எது என்று துணிதல் எவ்வாறு? இதுபற்றி ஆக்லண்டுப் பல்கலைக்கழகத்தின் தாவரநூற் பேராசிரியராகிய சாப்மன் என்பார், நிலையத்தின் முன்னுள்ள கடலை யாரும் எதையும் எடுத்தலாகாத காப்பகமாக ஆக்கவேண்டும் என்று 1965-இற் கருத்துரைத்தார். நிலத்தில் அத்தகைய காப்பகங்கள் பல இருந்தன. கடலில் அமைப்பதற்கோ அந்நாட்டிற் சட்டமே இல்லை. ஆதலின் முதலிற் சட்டம் வேண்டியதாயிற்று. 1971-இல் அது நிறைவேறியது. அதன்பின்னும் எதிர்ப்புக்களும் விசாரணைகளும் தொடர்ந்தன. 1975-இல் காப்பகம் சட்டப்படி அமைந்தது. 1977-இல் முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. கரைநெடுக ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமும், கடலினுள் 800 மீட்டர் அகலமும் கொண்டதாக அது வகுக்கப்பட்டது. அவ்வெல்லைக்குள் மீனையும் சிப்பியையும் பாசியையும் ஒருவரும் எடுத்தலாகாது. தூண்டில் இடுவானுக்கும் வலை வீசுவானுக்கும் ஒரே விதி. நியூஸிலாந்தில் முதன்முதல் அமைந்த கடற்காப்பகம் இதுவே.

எதிர்த்தோர் கூறியவற்றுள் ஒன்று நம் கருத்திற்கு உரியது. "இக்கடலில் அருமையான பொருள் ஒன்றும் இல்லையே, பவளமும் இல்லை, முத்தும் இல்லை, இதனைக் காப்பது எதற்கு?" என்பது அவர்தம் வினா. பாலன்டைன் இவ்வினாவையே திருப்பி விடையாக்கினார். தனிச்சிறப்பற்ற சாதாரணக் கடலாயிருத்தலே அதனைக் காத்தற்குரிய காரணம் என்பது அவர் கொள்கை. மருத்துவன் நோயுற்ற உடலை மட்டுமே கண்டு பழகியிருப்பின், நோயற்ற உடலின் இயல்பு யாது என்று எங்ஙனம் அறிவான்? எங்கும் மீன் பிடிக்கப்படும் கடலில், மீன் பிடிக்கப்படாத கடல் எவ்வாறு இருக்கும் என்பதை அறிவிக்க ஓர் இடமேனும் வேண்டும். அவ்விடம் மற்ற இடங்களைப் போன்றதாயிருந்தால்தான் ஒப்பிடுதல் செல்லும். அருமையான இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காத்தால், பின்னர் அங்குக் காணும் வளம் காப்பினால் வந்ததோ, இடத்தின் இயல்பால் வந்ததோ என்னும் ஐயம் நீங்காது.

காப்பகம் அமைந்த காலத்தில் அக்கடலின் அடித்தரை எவ்வாறு இருந்தது என்பதை நாம் அறியக்கூடும். நீர்மூழ்கிச் சென்று பார்த்த ஆராய்ச்சியாளர், எங்கே பாறை, எங்கே மணல், எங்கே பாசி என்பதையெல்லாம் 1978-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் படமாக வரைந்து வைத்தனர். கரையையடுத்த ஆழமற்ற நீரிற் பழுப்புநிறப் பாசிகள் சில செழித்திருந்தன. மிக ஆழ்ந்த பாறைகளில் கெல்ப் எனப்படும் பெரும்பாசி காடுபோல நின்றது. இவ்விரண்டிற்கும் இடையே பாசியற்ற மொட்டைப் பாறை பரந்து கிடந்தது. அப்பாறையில் எங்கு நோக்கினும் முட்பந்துகளைப் போன்ற கடல் முள்ளெலிகள். இம்மொட்டைப் பாறையும் அக்கடற்கரையின் இயல்பான ஓர் அடுக்கே என்று அந்நாளிற் பலர் கருதினர். பிறந்தநாள் முதலாக ஒருவன் கண்டுவருவதை அவன் இயற்கையென்று கொள்ளுதல் வியப்பன்று. டேனியல் பாலி என்னும் மீன்வள அறிஞர் 1995-இல் இக்குறையைச் சுட்டி எழுதினார். ஒவ்வொரு தலைமுறையாரும் தம் இளமையிற் கண்ட கடலையே நிறைந்த கடலென்று அளவாகக் கொள்கின்றனர். அதற்கு முன்னரே நேர்ந்த இழப்பு அவர் கணக்கில் ஏறுவதில்லை என்பது அவர் கருத்து.

முள்ளெலியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். நியூஸிலாந்தின் தொல்குடியினராகிய மாவோரியர் இதனைக் கினா என்பர். அவர்க்கு இது விருப்பமான உணவு. உருண்டையான ஓட்டின் மேலெங்கும் முட்கள் நிறைந்திருக்கும். வாய் அடிப்புறத்தில் உளது. அவ்வாயில் ஐந்து பற்கள் வட்டமாய் அமைந்து, பாறையைச் சுரண்டித் தின்பதற்கு உதவுகின்றன. இவ்வமைப்பை அரிஸ்டாட்டில் என்னும் யவன அறிஞர் விளக்குக் கூட்டிற்கு ஒப்பிட்டார்; அதனால் இதற்கு அரிஸ்டாட்டிலின் விளக்கு என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. இளைய முள்ளெலி பாறை இடுக்கில் ஒளிந்து வாழும். ஏறத்தாழ 4 செண்டிமீட்டர் குறுக்களவு பெற்றபின் வெளியே வந்து மேயத்தொடங்கும். ஒரு முள்ளெலி தின்பது சிறிதே. ஆயின் ஒரு சதுர மீட்டருக்கு நான்கு, ஐந்து என்று பெருகிவிட்டால், முளைக்கும் பாசிக் கன்று ஒன்றும் தப்புவதில்லை. ஆட்டு மந்தை இடைவிடாது மேயும் கட்டாந்தரையிற் செடி தலையெடுக்காதது போன்றதே இது.

முள்ளெலியை அடக்குவார் யாவர்? இருவர் உளர். ஒருவர் ஸ்நாப்பர் என்னும் மீன். மாவோரியர் இதனைத் தாமுரே என்பர். இளஞ்சிவப்பு நிறமும், உடலிற் சிதறிய நீலப்புள்ளிகளும், ஓட்டை நொறுக்கவல்ல தாடையும் உடையது. அறுபது ஆண்டுவரை உயிர்வாழ வல்லது. அந்நாட்டு மக்கள் தூண்டிலிட்டும் வலைவீசியும் மிகுதியாகப் பிடிக்கும் மீன்களுள் இதுவும் ஒன்று. மற்றவர் பாறைப் பொந்துகளில் வாழும் சிங்கி இறால். இதுவும் விலைமிக்க உணவாதலிற் கூடுகள் வைத்துப் பிடிக்கப்படுவது. இவை இரண்டும் மனிதரால் விரும்பிப் பிடிக்கப்படுவன. இவை இரண்டுமே முள்ளெலியைத் தின்பன. அதிலும் பெரிய முள்ளெலியை உடைத்துத் தின்பதற்குப் பெரிய மீனும் பெரிய இறாலும் வேண்டும். மனிதன் முதலிற் பிடித்து நீக்குவதும் பெரியவற்றையே. இங்கே முடிச்சு விளங்குகின்றது.

காப்பகம் அமைந்தபின் ஸ்நாப்பரும் சிங்கி இறாலும் பெருகலாயின. எனினும் பெருகின என்று வாய்மொழியாகக் கூறுதல் ஆராய்ச்சியாகாது, எண்ணிக் காட்டவேண்டும். எண்ணுவதிலும் ஒரு சிக்கல் தோன்றிற்று. காப்பகத்திற்கு வெளியே உள்ள மீன், நீர்மூழ்கி வரும் மனிதனைக் கண்டால் ஓடி ஒளிந்துவிடும். உள்ளே உள்ள மீனோ, மனிதனால் தீங்கு வாராமையை உணர்ந்தமையால், அவனை அணுகிச் சூழ்ந்து நீந்தும். ஆகவே நீர்மூழ்கிச் சென்று எண்ணுபவன், வெளியே உள்ளதைக் குறைத்தும் உள்ளே உள்ளதை மிகுத்தும் எண்ணிவிடுவான். இப்பிழையை நீக்குவதற்கு, மனிதனை விடுத்துப் படக்கருவியைக் கடலடியில் இறக்கினர். கருவியின் கீழ் ஓர் இரைப்பெட்டி; அதனை நாடி வரும் மீன்கள் படத்தில் அகப்படும்; அப்படத்தைக் கொண்டு மீனின் எண்ணிக்கையையும் நீளத்தையும் கணித்தனர். உள்ளும் வெளியும் ஒரே முறை, ஒரே இரை, ஒரே காலவளவு. இங்ஙனம் செய்த ஒப்பீட்டையே நாம் நம்பலாம்.

லீ காப்பகத்தையும், அதற்குத் தெற்கேயுள்ள தாவாரானுய் என்னும் மற்றொரு காப்பிடத்தையும் ஆராய்ந்து, ரஸ்ஸல் பாப்காக் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் 1999-இல் வெளியிட்ட முடிபுகள் வருமாறு. காப்பிடங்களுக்குள் ஸ்நாப்பர் மீன், அடுத்த திறந்த கடலிலும் ஓரிடத்தில் ஐந்து மடங்கிற்கு மேலும், மற்றோரிடத்தில் எட்டு மடங்கிற்கு மேலும் மிகுந்திருந்தது. உள்ளே இருந்த மீனின் சராசரி நீளம் 316 மில்லிமீட்டர். வெளியே 186 மில்லிமீட்டர். சிங்கி இறால் உள்ளே ஏறத்தாழ ஒன்றரை மடங்கு முதல் மூன்றரை மடங்கிற்கு மேலும் மிகுந்து காணப்பட்டது. உருவிலும் அது பெரிதாயிருந்தது. இவையெல்லாம் எதிர்பார்க்கத் தக்கனவே. பிடியாதவிடத்து மீன் மிகும் என்பதைக் கூற ஆராய்ச்சி எதற்கு எனலாம். இனி வருவதே வியப்பிற்குரியது.

1978-இல் முள்ளெலி நிறைந்திருந்த இடங்களில், ஒரு சதுர மீட்டருக்கு 4.9 என்றிருந்த அவற்றின் எண்ணிக்கை 1.4 ஆகக் குறைந்தது. முள்ளெலி குறைந்த இடத்தில் கெல்ப் முளைத்தது, முளைத்தது தப்பிப் பிழைத்தது, பிழைத்தது காடாயிற்று. காப்பிடங்களுக்குள் நூற்றுக்கு 14 பங்குப் பாறையே பாழாய் இருக்க, வெளியே நூற்றுக்கு 40 பங்கு பாழாய்க் கிடந்தது. இயற்கையின் ஓர் அடுக்கென்று பலர் கருதியிருந்த மொட்டைப் பாறை, பெரும்பாலும் மீன்பிடித்தலால் நேர்ந்த விளைவென்பது தெளிவாயிற்று. அக்காட்டை ஒருவரும் நட்டாரல்லர். முள்ளெலியை ஒருவரும் பொறுக்கி எறிந்தாரல்லர். ஸ்நாப்பரையும் இறாலையும் பிடியாது விட்டதே செய்த செயல். ஒரு தலைமுறைக் காலத்திற் கடலடித் தரையின் முகம் மாறிற்று.

இவ்விடத்து ஓர் ஐயம் எழுதல் இயல்பு. முள்ளெலி குறைந்ததற்கு நோயோ, நீரின் வெப்பமோ காரணமாயிருத்தலாகாதோ? இதனைத் துணிதற்கு ஷியர்ஸ், பாப்காக் என்னும் இருவர் எளிய சோதனையொன்று செய்து 2002-இல் வெளியிட்டனர். முள்ளெலிகளைக் கயிற்றாற் பிணித்துக் காப்பிடங்களுக்குள்ளும் வெளியிலும் விட்டுவைத்து, எவை உண்ணப்பட்டன, எவை எஞ்சின என்று பார்த்தனர். உள்ளே அவை உண்ணப்பட்ட அளவு வெளியே நேர்ந்ததினும் ஏறத்தாழ ஏழு மடங்கு. எஞ்சிய ஓட்டின் உடைவைக்கொண்டு தின்றது யாதென ஆராய்ந்ததில், குறைந்தது நூற்றுக்கு 45 பங்கு சிங்கி இறாலின் செயல் என்று கண்டனர். ஆகவே சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே சோதிக்கப்பட்டது: பிடித்தல் நின்றது, தின்பவை பெருகின, முள்ளெலி உண்ணப்பட்டது, பாசி தழைத்தது.

வேறொரு சான்றும் உண்டு. வடக்கே பூர் நைட்ஸ் என்னும் தீவுக் கூட்டத்தின் கடல் 1998-இல் முழுக் காப்பாக ஆக்கப்பட்டது. காப்பிற்கு முன்னரே அங்கு மீனைக் கணக்கிட்டிருந்தமையால், முன்னும் பின்னும் ஒப்பிட வாய்ப்பு நேர்ந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே ஸ்நாப்பர் சுமார் ஏழு மடங்காயிற்று. இடத்தின் இயல்பால் மட்டும் வளம் வந்தது என்பார்க்கு இது தக்க விடையாகும்.

இனி, கெல்ப்புக் காடு மீண்டதனால் ஆயதென்னை என்று பார்ப்போம். பாசி என்பது கடலின் புல்லும் மரமும் ஆகும். கதிரவன் ஒளியை உணவாக்குவது அதுவே. அது கிளைக்கும் இடத்திற் சிறு நத்தைகளும் இறாற்குஞ்சுகளும் மீன்குஞ்சுகளும் ஒதுங்குகின்றன. உதிரும் இலைகள் சிதைந்து பிற உயிர்க்கு உணவாகின்றன. மொட்டைப் பாறையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. எனவே மீனை மிகுதியாகப் பிடித்தல், இன்றைய மீனைக் குறைப்பதோடு நில்லாது, நாளைய மீன் தோன்றும் தொட்டிலையும் குலைக்கின்றது. ஒருமுறை குலைந்தபின், பிடிப்பதைச் சிறிது குறைத்துவிட்டால் உடனே பழைய நிலை திரும்பும் என எதிர்பார்த்தல் இயலாது. தின்னும் மீன் பெரிதாக வளரும்வரை முள்ளெலியின் ஆட்சி நீடிக்கும்.

ஆயினும் ஒரு மீனுக்கு வாழிடம் ஒன்றேயன்று என்பதை மறத்தலாகாது. ஸ்நாப்பரின் குஞ்சுகள் பாறையில் வளர்வனவல்ல. அவை காற்றும் அலையும் அடங்கிய கழிமுகங்களையும் ஒதுக்குக் கடலையும் நாடிச் செல்கின்றன. அங்குள்ள கடற்புல் வெளிகளும், தரையிற் செறிந்து நிற்கும் பெருஞ்சிப்பிகளும் அவற்றிற்கு மறைவிடம் தருகின்றன. வடதீவின் மேற்குக் கரையில் வாழும் ஸ்நாப்பர் மீன்களின் காதுக்கற்களை ஆராய்ந்தோர், அவற்றிற் பெரும்பகுதி கைபாரா என்னும் ஒரே கழியில் வளர்ந்தன என்று கண்டனர். காதுக்கல் என்பது மீனின் தலைக்குள் ஆண்டுதோறும் வளையம் வளையமாக வளரும் சிறு கல். மீன் வாழ்ந்த நீரின் சாயல் அதிற் பதிந்துவிடுகின்றது. மரத்தின் வயதை வளையத்தால் அறிவது போல மீனின் வயதையும், அதனோடு அதன் பிறந்தகத்தையும் அக்கல்லால் அறிகின்றனர். இதனாற் பெறப்படுவது யாது? மலையில் மரம் வெட்டியதனால் மண் கரைந்து கழியிற் படிந்து கடற்புல்லை மூடுமாயின், அதனால் தொலைவிலுள்ள கடலிலும் வலை வெறுமையாகும். கடலிற் போடும் விதி ஒன்றே அதற்கு மருந்தாகாது; நிலத்திலும் விதி வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றை ஏற்றுக்கொள்ளும் ஒருவரும், மீன்பிடித்து வாழ்வாரது வினாவைத் தள்ளிவிட முடியாது. "காப்பகத்திற்குள் மீன் பெருகுவது உங்கள் கண்ணுக்கு விருந்து; எங்கள் வயிற்றுக்கு என்ன?" என்று அவர் கேட்பராயின், அது நியாயமான கேள்வியே. தலைமுறை தலைமுறையாக வலைவீசிய இடத்தை இழப்பவர் அவரேயன்றிப் பல்கலைக்கழகத்தார் அல்லர். இவ்வினாவிற்கு வெறும் நயவுரையால் விடையளித்தல் ஒண்ணாது. நெடுங்காலம் சரியான சான்று கிட்டவில்லை. ஏனெனில் ஸ்நாப்பரின் முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் மிதந்து செல்வன. எந்தக் குஞ்சு எந்தத் தாயின் வயிற்றிற் பிறந்தது என்று கடலிற் கண்டறிவது எங்ஙனம்?

மரபணுவாராய்ச்சி இதற்கு வழி திறந்தது. காப்பகத்திற்குள் வாழும் முதிர்ந்த மீன்களின் மரபணுக்களையும், வெளியே புதிதாக வந்து தங்கிய குஞ்சுகளின் மரபணுக்களையும் எடுத்து ஒப்பிட்டனர். 2017-இல் வெளியான அம்முடிபு கருதத்தக்கது. சுற்றிலும் ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர்ப் பரப்பிற் காணப்பட்ட குஞ்சுகளில் நூற்றுக்கு 10.6 பங்கு, அப்போது ஐந்து சதுர கிலோமீட்டரே இருந்த காப்பகத்து மீன்களின் மரபில் வந்தன என்று கணக்கிட்டனர். அதாவது நூற்றில் ஒன்றிற்குச் சிறிது மிகுந்த பரப்பு, பத்தில் ஒரு பங்கிற்கு மேற்பட்ட குஞ்சுகளை அளித்தது. 40 கிலோமீட்டர் தொலைவு வரையிலும் அப்பங்கு குறையவில்லை. காரணம் காண்பது அரிதன்று. உள்ளே மீன் செறிந்திருக்கின்றது, அன்றியும் பெரிதாயிருக்கின்றது. பெரிய மீன் ஒன்று இடும் முட்டை, சிறிய மீன் பல கூடி இடுவதினும் மிகும். விதைநெல்லை உண்ணாது காக்கும் உழவனுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. காப்பகம் அயற்கடலின் விதைநெற்குதிர் ஆயிற்று.

இவ்வாறு கூறுவதனால், காப்பகம் ஒன்று அமைத்துவிட்டால் எல்லாம் நலமாகும் என்று கொள்ளுதல் பிழையாம். இவ்வாராய்ச்சி அதன் குறைகளையும் மறைக்கவில்லை. சிங்கி இறால் ஆண்டின் சில பருவங்களிற் பாறையை விட்டு ஆழ்ந்த மணற்பரப்பிற்கு இரைதேடிச் செல்லும் இயல்பினது. காப்பகம் முதலில் 800 மீட்டர் அகலமே கொண்டதாக வகுக்கப்பட்டமையால், இறால் எல்லையைக் கடந்து வெளியே சென்றது. கூடு வைப்போர் எல்லைக்கோட்டின் அருகே கூடு வைத்தனர். அதனாற் காப்பகத்தின் தொடக்கக் காலத்திற் பெருகிய இறால், பிற்காலத்திற் பெரிதும் குறைந்தது என்று அடுத்தடுத்து வந்த கணக்கெடுப்புக்கள் காட்டின. கோடு வரைந்தவர் மனிதர். இறால் அக்கோட்டை அறியாது. உயிரின் நடமாட்டத்தை அளந்து அதற்கேற்ப எல்லை வகுக்கவேண்டும் என்பது இதனாற் பெற்ற பாடம். மேலும் முள்ளெலிச் சங்கிலி எல்லாக் கடலிலும் ஒரே வகையாக இயங்குவதில்லை. அலையின் வன்மை, நீரின் ஆழம், மண்டியின் அளவு ஆகியவற்றிற்கேற்ப அது வேறுபடுகின்றது. சில கரைகளில் மீன்பிடித்தல் மிகுந்தும் பாழ் தோன்றுவதில்லை. ஓரிடத்து உண்மையை மற்றோரிடத்தில் மீண்டும் சோதியாது ஏற்றுதல் அறிவுடையோர் செயலன்று.

பாலன்டைன் தம் வாழ்நாள் முழுமையும் லீயிலேயே தங்கி இப்பணியாற்றினார். ஆராய்ச்சியைத் தம் துணைவரும் மாணவரும் பெருக்க, அவர் அதன் பயனை மக்களிடையே எடுத்துரைப்பதைத் தம் கடனாகக் கொண்டார். காப்பகம் என்பது அங்கொன்றும் இங்கொன்றுமாய் இராது, எல்லா வகைக் கடலையும் தழுவிய ஒரு தொடராய் அமையவேண்டும். எப்பொருளையும் எடுக்க விடாததாய் இருக்கவேண்டும். என்றும் நிலைபெறுவதாய் இருக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். தம் நாட்டுக் கடலிற் பத்தில் ஒரு பங்கையேனும் இங்ஙனம் காக்கவேண்டும் என்பது அவர் வேண்டுகோள். 1996-இல் கோல்டுமன் சுற்றுச்சூழற் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. 2015-இல் அவர் காலமானார். எதற்கு இக்காப்பகம் என்று கேட்கப்பட்ட அக்கரைக்கு ஆண்டுதோறும் லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வந்து, முழங்காலளவு நீரில் நின்றே பெருமீன்களைக் கண்டு செல்லும் நிலையை அவர் தம் கண்ணாற் கண்டார்.

இவ்வரலாற்றில் நாம் உளங்கொள்ளத் தக்கவை இரண்டு. ஒன்று, பொறுமை. 1965-இல் தோன்றிய கருத்து 1975-இற் செயலாயிற்று. 1978-இல் வரைந்த படம் 1999-இல் தன் முழுப்பயனைத் தந்தது. வலைஞரின் வினாவிற்கு 2017-இல் விடை கிடைத்தது. படம் வரைந்து வைத்தவர், அதனைக் கொண்டு பின்வருவோர் யாது காண்பர் என்பதை அறிந்திலர். எனினும் செவ்வனே வரைந்து வைத்தனர். மற்றொன்று, நாம் இயற்கையென்று கருதுவதில் எத்துணைப் பகுதி நம் கையால் ஆயது என்னும் ஐயம். அவ்வையம் எழாதவிடத்து ஆராய்ச்சி பிறப்பதில்லை. விலங்கியலும் தாவர நூலும் பயிலும் நம் கல்லூரித் தோழர்கள், தாம் காணும் குளத்தையும் கழியையும் கரையையும் இன்றே அளந்து குறித்து வைப்பாராயின், அக்குறிப்பின் பயன் யாதென்று இப்போது கூற இயலாவிடினும், இருபது ஆண்டு கழித்து அதனைத் தேடி வருவார் ஒருவர் இருப்பர் என்று நம்புகின்றோம். அக்குறிப்பு தமிழில் இருப்பின், அக்கரையில் வாழ்வாரும் அதனைப் படித்துத் தம் கருத்தையும் கூற இடமுண்டாகும்.